திறன் என்ற கட்டம்

முன்பெல்லாம் என் வேலை எளிது:
பனகல் ரோட்டில் கஞ்சி டிரம்மை இறக்க
ஒரு கை குறைந்தால்
நெல்பேட்டைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம்.

இப்போது படிவம் இருக்கிறது.
நாற்பது மணி நேரம் நின்றால்
கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ்.
கம்பெனிக்காரர்களுக்குச் சனிக்கிழமை,
ஒரே நிற டீ-ஷர்ட், குழுப்படம்.
யாருக்கு எந்த ஷிப்ட் என்று
ராத்திரி பதினொரு மணிக்கு
செல்போனோடு மல்லுக்கட்டுகிறேன்.
கரண்டி பிடித்து எட்டு மாசம் ஆச்சு.

குறை சொல்லவில்லை.
ஆள் வராமல் கஞ்சி புளித்த நாட்களும்
எனக்கு மறக்கவில்லை.

நேற்று சேவுகன் பெயரை ஏற்றினேன்.
வயது: யாரு கண்டா, என்றார்.
தொழில்: சுமை.
திறன்?

பெரியாஸ்பத்திரி வரிசையில்
யார் வீட்டு ஆள் இப்போதுதான் போனது என்று
அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.
தூக்குவாளியை வாங்கி நிரப்பிக்கொண்டு
மார்ச்சுவரி வாசல் வரை
பேசாமல் கூடவே நடந்துவிட்டு வருவார்.

பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.
'பரிமாறுதல்' என்று போட்டேன்.
அழித்தேன்.
கட்டம் காலியாக இருந்தால்
படிவம் ஏறாதாம்.

"என்ன மேனேஜரம்மா, நான் பாஸா?"
பதிலுக்கு நிற்கவில்லை அவர்.
ஒரு கரண்டியை என் பக்கம் நீட்டினார்:
"கூட்டம் நிக்குது."