மிச்சம் இரண்டு

ஹாலிஃபாக்ஸில் ஜனவரி முழுக்க மழை.
மூன்றாம் மாடியில் பிரையனி ஆக்ராய்ட்
நாட்டின் மனசாட்சியை
பவுண்டுக் கணக்கில் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

கூண்டில் அடைபடாத கோழியின் முட்டை,
நியாய வணிக முத்திரை ஒட்டிய வாழைப்பழம்,
காற்றாலை மின்சாரம்,
யாரோ உடுத்திக் கழித்த கம்பளிக் கோட்டு.
அறத்தை அளக்க வேறு மரக்கால் இல்லை,
ரசீதுதான்.
போன ஆண்டைவிடப் பதினொரு சதவீதம் கூடுதல்.

மேலதிகாரிக்கு அந்தப் பதினொன்று போதும்.
அட்டைக்கு அம்புக்குறிகூட வரைந்தாயிற்று,
வலப்பக்கம், மேல்நோக்கி, பச்சையில்.

அவள் விலைவாசியைக் கழிக்கிறாள்.
ஒன்பது போய்விடுகிறது.
அதே கை, அதே ஆறு முட்டை,
பெட்டியின் விலைதான் ஏறியிருக்கிறது.

மிச்சம் இரண்டு.

அதிலும் ஒரு முள்.
வசந்தத்தில் பெரிய கடைத்தொடர் ஒன்று
கூண்டு முட்டை விற்பதையே நிறுத்திவிட்டது.
அங்கே முட்டை எடுத்த அத்தனை பேரும்
மறுநாளிலிருந்து அறவோர்.
தொலைபேசியில் காரணம் கேட்டதற்கு
மாரிஸ் கிளெக், பேருந்து ஓட்டி ஓய்ந்தவர், சொன்னார்:
"முட்டை இருந்துச்சு, எடுத்தேன் கண்ணு."
அவருக்கும் ஒன்று போட்டாள்.

சனிக்கிழமை கடை வரிசையில்
இவளுக்கு முன்னால் ஒருத்தி,
தோளில் பிள்ளையின் பள்ளிப் பை,
மலிவான சாக்லேட் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
கோகோ எங்கிருந்து வந்தது, யார் பறித்தது,
உறையில் ஒரு வார்த்தை இல்லை.
திரும்ப வைத்தாள்.
முத்திரை போட்டதை எடுத்தாள்,
விலையைப் பார்த்தாள்,
அதையும் வைத்தாள்.
பாலுக்கு மட்டும் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
மழைக்குள் போனாள்.

வாங்காததற்கு ஏது ரசீது?

திங்களன்று பிரையனி புதிதாக ஒரு நிரல் திறந்தாள்.
'திரும்ப வைத்தவை' என்று அடித்தாள்.
அலகு? என்று கேட்டது கணினி.
பவுண்டா, எண்ணிக்கையா, கிலோவா.
சுட்டி நெடுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.
நிரலை அவள் அழிக்கவில்லை,
அகலத்தை மட்டும் சுருக்கி
கண்ணுக்குத் தெரியாமல் வைத்தாள்.

அறிக்கை மாலையில் போய்விட்டது.
பதினொன்று, அட்டையில், கொட்டை எழுத்தில்.
இரண்டு, நாற்பத்தாறாம் பக்கத்தில், அடிக்குறிப்பில்.

பேருந்து வர இருபது நிமிடம்.
பெட்ரோல் பங்க்கில் முட்டை சாண்ட்விச் வாங்கினாள்.
எந்தக் கோழி என்று உறையைத் திருப்பித் தேடினாள்,
கொஞ்ச நேரம்.
பிறகு பசித்தது.