பக்கத்துக்கு அறுபது திர்ஹம்

ஆறு பக்கத் தீர்ப்பு, அரபியில்.
இங்கிலீஷ் பிரதி வக்கீல் கொடுத்தார்,
எனக்குத் தமிழில் வேணும்,
யாரும் சொல்லித் தராமல் நானே வாசிக்கணும்
என்றாள் ஹினாயா.
பக்கத்துக்கு அறுபது, முத்திரைக்கு ஐம்பது தனி என்றேன்.
முத்திரை வேண்டாம் என்றாள்.

ஷார்ஜா ரோலாவில் டைப்பிங் சென்டருக்கு மேல்மாடி.
பதினான்கு வருஷமாக இதே மேசை,
காலடியில் ஏசி சொட்டும் வாளி.
வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று,
பெட்டியில் ஊர் போகிறவர்களின் இறப்புச் சான்று.
எதற்கும் கை நின்றதில்லை.

முதல் பக்கம் சுலபம்.
வழக்கு எண், வாதி, பிரதிவாதி.
ஒன்பது வருஷம் ஒரே சஹனில் சோறு உண்டவர்களை
'மேற்படியார்' என்று அடித்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

இரண்டாம் பக்கத்தில்
ஹளானா தாய்க்கு,
விலாயா தகப்பனுக்கு.

விலாயாவுக்கு அலைய வேண்டியதில்லை. அது கையெழுத்து.
பள்ளிக்கூடம் மாற, ஆபரேஷன் செய்ய, விமானம் ஏற
அவர் போடும் கையெழுத்து.
பிள்ளை இவளிடம்,
பிள்ளையின் பாஸ்போர்ட் அவரிடம்.

ஹளானாதான் இழுத்தடித்தது.
அகராதி 'காவல்' என்கிறது;
காவலில் வைப்பது திருடனை.
'பாதுகாப்பு' என்று எழுதினால் வங்கி லாக்கர் வாசம்.
'வளர்ப்பு' என்றேன், நாய்க்குட்டி ஓடி வந்தது.
வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே ஹிள்ன்:
ஒருத்தரை அணைக்கும்போது
அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவே
கதகதப்பாகக் கிடக்கும் இடம்.

மடி என்று எழுதினேன்.
எந்தக் கோர்ட்டும் ஏற்காது.
முத்திரைதான் வேண்டாம் என்றாளே.

நாலாம் பக்கம், சமூக ஆய்வாளர் அறிக்கை.
வீடு வரையச் சொன்னதற்குச் சிறுமி லிஃப்ட் வரைந்தாள்.
வீடு எந்த மாடி என்று கேட்டதற்கு
எல்லாப் பொத்தான்களுக்கும் சிவப்பு அடித்தாள்.
சிறுமி ஒத்துழைத்தாள். அழவில்லை.

ஐந்தாம் பக்கம்: வெள்ளி தோறும் நான்கு முதல் ஒன்பது வரை.
தகப்பன் அரைமணிக்கு மேல் தாமதித்தால்
அன்றைய சந்திப்பு இல்லை.
அல் நஹ்தா என்று ஒரே பெயர், இரண்டு அமீரகம்;
துபாய்ப் பக்க நஹ்தாவில் அவர் பால்கனி,
ஷார்ஜாப் பக்க நஹ்தாவில் இவள் ஜன்னல்.
காகத்துக்கு ஒரு நிமிஷம்.
வெள்ளி மாலை காருக்கு எவ்வளவு என்று
நீதிபதியிடம் யாரும் சொல்லவில்லை போல.

ஹினாயா நின்றுகொண்டே வாசித்தாள்.
இரண்டாம் பக்கத்தைத் திருப்ப வெகுநேரம் ஆனது.
முந்நூற்றறுபதை எண்ணி வைத்தாள்.
எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுவாரம் செய்கு மீரான் வந்தார்,
அதே ஆறு பக்கம்.
முத்திரையோடு வேணும், கம்பெனியில் காட்டணும்.
கோப்பைத் திறந்தேன்.
மடியை அழித்துப் 'பராமரிப்பு' என்று போட்டேன்.
முத்திரை கச்சிதமாக விழுந்தது.
அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால்
பொய். இறங்கியது. கொஞ்சம் தாமதமாக.

அவர் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.
கார் சாவி வளையத்தில் ஒரு மஞ்சள் ஹேர்கிளிப்.
புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்,
பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கலை என்றார்.
பிறகு,
ராத்திரி தங்க வைக்கலாம்னு எங்கேயாவது இருக்கா?

இல்லை.

அரபியில் இருக்கும். தமிழில் விட்டுப்போயிருக்கும்.
நல்லாப் பாருங்க.

மூலத்தை எடுத்து வைத்தேன்.
வலமிருந்து இடமாக, விரல் வைத்து,
ஒரு வரியும் விடாமல் ஆறு பக்கமும்,
இல்லாததை
அவருக்காக மெதுவாகத் தேடினேன்.