பல் போனால் புல்

சாம்பல் விழுந்து பதினேழு மாதம்.
மலைக்கு அந்தப் பக்கம் எரிமலை ஒன்று
தொண்டையைச் செருமியது.
காற்று அள்ளிவந்து கொட்டியதோ
இந்தப் பக்கம், பட்டகோனியப் புல்லின் மேல்.
மழை வந்து கழுவவில்லை.
செம்மறிகள் சாம்பலோடு சேர்த்தே மேய்ந்தன,
அரத்தைக் கடித்துப் பசியாறுவது போல.

ரோசெந்தா பட்டிக்குள் நிற்கிறாள்.
ஆடு பார்ப்பதென்றால் அவளுக்கு வாய் பார்ப்பது.
முழங்காலால் அணைத்து
கட்டைவிரலால் கீழுதட்டை விலக்கி
ஒரு நொடி.
"இரண்டு பல்." விடு.
"ஆறு." விடு.
"எட்டு." விடு, விடு.

மேலே முன்பல் கிடையாது, ஈறுதான் பலகை.
கீழே எட்டு உளி.
பலகையில் புல்லை அழுத்தி
தலையைச் சுண்டினால் பிய்ந்து வரும்.
அதற்குப் பின் கடைவாயின் வேலை:
பக்கவாட்டில், திரிகை போல,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிதானத்தில்.

உடைந்த வாய்க்குச் சிவப்புச் சாக்கட்டி.
சிவப்பென்றால் லாரி.
லாரி எங்கே போகும் என்று பட்டியில் எவரும் பேசுவதில்லை.

கொட்டகைக் கதவில் ஒரு பூமா மண்டையோடு.
எவாரிஸ்தோ அதில் தொப்பியை மாட்டுவான்.
அந்தத் தாடை மேலும் கீழும் மட்டுமே அசையும்;
அரைக்கத் தெரியாத கத்தரிக்கோல்.
பசித்தாலும் புல் தின்னாது என்று
வீரம் போலச் சொல்கிறோம்.
தின்ன முடியாது, அவ்வளவுதான்.

முயலுக்கு மட்டும் இந்தச் சாம்பல் ஒரு பொருட்டில்லை.
தேயத் தேய வளரும் பல் அதற்கு.
வேலியோரம் உட்கார்ந்து மெல்கிறது,
வட்டி கட்டாத கடன்காரன் போல.

மூன்று வாரமாக ரோசெந்தாவுக்கும் கடைவாயில் வலி.
பாதி உடைந்த பல்.
ரொட்டியை ஒரு பக்கமாகவே மென்று
கழுத்து சாய்ந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.
மருத்துவர் குறட்டில் அதைத் தூக்கிக் காட்டினார்:
மேடும் பள்ளமும், எதையும் கொஞ்சம் கொஞ்சம்
நறுக்கவும் நசுக்கவும் தெரிந்த பல்,
எதிலும் தேர்ச்சி இல்லை.

அன்றிரவு எவாரிஸ்தோ ஒன்றும் கேட்கவில்லை.
ஆட்டுத்தொடையைச் சட்டியில் நான்கு மணி நேரம் வேகவிட்டான்,
கத்தியால் பொடிப்பொடியாக்கினான்,
உருளைக்கிழங்கோடு மசித்துக் கரண்டியோடு கொடுத்தான்.
நம் பற்களில் பாதி வாய்க்கு வெளியே இருக்கின்றன.
ஒன்று அவன் இடுப்பில், உறைக்குள்.
ஒன்று அடுப்பில் எரிகிறது.

வியாழன், மறுபடி பட்டி.
பல் போனால் சொல் போச்சு, நமக்கு.
இவற்றுக்குப் புல் போச்சு.
நாலு வயதுகூட ஆகாத ஒரு பெட்டை,
வாய்க்குள் பதினோரு வயது.
ஏழு பல் உதிர்ந்து, எட்டாவது மட்டும்
முளைக்குச்சி போல ஆடிக்கொண்டு.
ஈறு பலகையில் படியவிடாமல்
ஒவ்வொரு கவளத்திலும் குறுக்கே நிற்கிறது.

சாக்கட்டியை எடுத்தாள்.
நாக்கு தன் வாயில் அந்தப் பள்ளத்துக்குப் போனது.
இரண்டு நாளிலேயே வலி இல்லை.
முழுதும் போன இடம் மெல்ல இறுகும்;
வதைப்பது மிச்சம் இருக்கிற ஒன்றுதான்.

சட்டைப்பையில் கம்பி முறுக்கும் குறடு இருந்தது.

ஆடு ஒருமுறை உதைத்தது.
பல் இவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னது,
காபிக்கறை நிறம்.
ஓடைக்கரைப் பசும்புல்வெளிக்கு,
மெத்தென்று ஈரமாய் வளர்கிற பக்கம்
வேலிக்கதவைத் திறந்து தள்ளிவிட்டாள்.

மாலையில் கணக்குப்பிள்ளை எண்ணினார்.
சிவப்பு நூற்று முப்பத்தொன்று.
அவர் தாளில் முப்பத்திரண்டு.
திரும்ப எண்ணினார்.
ரோசெந்தா கை கழுவிக்கொண்டிருந்தாள்,
வாயை மூடி,
உள்ளே நாக்கு அந்தப் பள்ளத்தைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க.