ஒன்றை மட்டும் எழுதவும்

வனச்சரக அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை.
ஏற்காட்டில் அதை யாரும் கேட்பதுமில்லை.
படிவத்தில் நான்காவது கட்டம்: தொழில்.
பக்கத்தில் பொடி எழுத்தில்,
ஒன்றை மட்டும் எழுதவும்.

பெயர் எழுதியாயிற்று, வெ. குப்பாயி.
வயது நாற்பத்து நான்கு, ஊர் கரடியூர்.
அதுவரைக்கும் பேனா நிற்கவில்லை.

பத்தொன்பது வயதில் கான்வென்ட் விடுதியில்
நானூறு பிள்ளைகளுக்கு வெங்காயம் உரித்தேன்.
செடி பார்க்க வந்த ஒரு பேராசிரியைக்குச்
சட்டி சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.
அந்தம்மா இலையின் பெயர் கேட்டார், சொன்னேன்.
வழி கேட்டார், முன்னால் நடந்தேன்.
இருட்டியதும் பசிக்கிறது என்றார்.
சுமைக்காரி எந்த இடத்தில் நின்றுபோனாளோ,
பன்னிரண்டு நாளுக்கு அறுநூறு ரூபாய் தந்தார்,
ஒரே உறையில்.

ஓடைக்கல்லை அடுப்புக்கு வைக்கக்கூடாது என்பது
கிளியூரில் தெரிந்தது.
ஈரத்தை உள்ளே வைத்திருந்த கல்
வெடித்து ரசத்தைக் கவிழ்த்தது.
தழும்பு இடது புருவத்தில்.
காப்பிக் கட்டை நின்று எரியும்.
சில்வர் ஓக் புகையும், கண்ணைக் கரிக்கும், உலை கொதிக்காது.
உப்பு மாத்திரை டப்பாவில் இருக்கும்.
அதை வீட்டிலேயே விட்டுப் போன அன்றைக்கு
சென்னைக்காரர்கள் ஆறு பேரும்
"நேச்சுரலா இருக்கு" என்று சாப்பிட்டார்கள்.
நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை லீ பஜாரில் பூண்டு, மிளகாய்.
அடிவாரத்தில் நின்றபடியே ஒரு தட்டுவடை செட்.
இருபது வளைவுக்கும் பை மடியில்தான்,
மேலே வைத்தால் தக்காளி என்னைக் கேட்காமல் சட்னியாகும்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர்.
ஓசூர்க் கம்பெனியிலிருந்து ஏழு பேர்.
போட்டோ எடுக்கப் போன தினகரன் என்பவர்
மூடுபனி இறங்கியதும் காணவில்லை.
மூடுபனியில் குரலுக்குத் திசை கிடையாது.
கூப்பிட்டோம். விசில் ஊதினோம்.
எங்கள் விசில் எங்களுக்குப் பின்னாலிருந்து கேட்டது.
திரும்பி வந்து
காய்ந்துகொண்டிருந்த சட்டியில்
ஒரு கைப்பிடி வரமிளகாயைக் கொட்டினேன்.
"இப்பப் போய் சமையலா?" என்று ஒருவர் கத்தினார்.
காற்று பள்ளத்துப் பக்கம் போனது, நெடியும் கூடப் போனது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு
ஒரு தும்மல்.

காப்பிச் செடிகளுக்குள், நாற்பதடி இராது.
பக்கத்தில் நின்ற காட்டெருமைக்குப் பயந்து
மூச்சை அடக்கிக் கிடந்திருக்கிறார்.
நாங்கள் கூப்பிட்டது முழுக்கக் கேட்டிருக்கிறது.
தும்மலைத்தான் அடக்க முடியவில்லை.
எருமை என்ன நினைத்ததோ, போய்விட்டது.
கருகிய மிளகாயோடு சாமைச்சோறு தின்றோம்.
தினகரன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்,
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதை எந்தக் கட்டத்தில் எழுத?

படிவத்தின் பின்பக்கம் நிபந்தனைகள்.
ஏழாவது: காட்டுக்குள் தீ மூட்டக்கூடாது.
கையெழுத்துப் போட வேண்டிய கோடு அதற்கு நேர் கீழே.
நியாயந்தான்.
போன பங்குனியில் நாகலூர்ச் சரிவு மூன்று நாள் எரிந்தது.
பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தவர்களில் நானும் ஒருத்தி.
யாரோ பீடியை அணைக்கவில்லை என்றார்கள்,
யாரோ அடுப்பை என்றார்கள்.
அந்த இரண்டாவது சொல்லுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை,
என் அடுப்பு ஒவ்வொன்றாக நினைவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

வழிகாட்டி என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.

எழுத்தர் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தியபடி
தலை நிமிராமல் கேட்டார்,
"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை
எங்க வீட்டு ஆளுங்களும் வர்றாங்க.
சாப்பாடு என்ன?"

புளிசோறு, என்றேன்.
வீட்டிலேயே கிளறிக் கட்டிக்கொண்டு வருவேன்.
அங்கே பிரிக்கும்போது
ஆறித்தான் இருக்கும்.