வலது கீழ் மூலை

இரண்டும் முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
ஒன்று ரஷ்யாவில், அறுபத்தொன்றில் செய்தது.
பின்கண்ணாடி தவளை விழியாய்ப் பிதுங்கி
கேமராவின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
மற்றது ஜப்பான். போன ஆடியில் வாங்கியது.
பதினெட்டுத் தவணையில் ஏழு கட்டியிருக்கிறேன்.
குண்டு. வ்யூஃபைண்டர் ஜன்னலில் அதன் மூக்கு நீண்டு
வலது கீழ் மூலையை மறைக்கும்.
அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

ஒன்றை விற்றாக வேண்டும். எதை என்று
படமே சொல்லட்டும் என்றுதான்
மாசிக் காலையில் முதுநகர்த் துறைமுகத்தில்
முக்காலியை ஊன்றினேன்.
ஒரே சுருள். இரண்டுக்கும் எஃப் நான்கு.
வெயில் சோனங்குப்பத்துப் பக்கமிருந்து
நேரே முகத்தில்.

உப்பனாற்றில் நின்ற விசைப்படகில் பெயர் எழுதியிருந்தது.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
இரண்டு ‘அந்தோணியார் துணை’
ஒன்றையொன்று தேடி வந்து
ஒன்றாயின.
நடுவில் இருப்பதைச் சேர்த்துவைக்கத்தான்
இந்தக் கேமராவுக்குத் தெரியும்.
ஓரங்களை நம் தலையில் கட்டிவிடும்.
அதோடு, நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு.
எதை மாட்டினாலும் ஜன்னலில் அதே ஆறு,
அதே பளிச்.

முதலில் பழசு.
கழற்றி மாட்டி, இரண்டு நிமிஷம் கழித்துப் புதுசு.
இடையில் கூடையோடு வந்த ஓர் அம்மா
‘சர்வேயா? யார் எடத்த எடுக்கப் போறீங்க?’
என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

ராத்திரி குளியலறையில்
பத்துக்கு எட்டில் இரண்டு பிரதி போட்டேன்.

பழசில் வெயில் ஒழுகியிருந்தது.
கொட்டகை நிழலுக்குள்ளும் கொஞ்சம் புகுந்து
ஐஸ் உடைக்கிறவரின் முதுகு வரை காட்டியது.
நான்கு மூலைகளும் மங்கி,
அங்கே கிடந்த கயிறெல்லாம் நனைந்த பஞ்சு.
புதுசு கறார்.
நிழல் என்றால் கருப்பு. முதுகு இல்லை,
ஐஸ் உடைக்கிற ஆளே இல்லை.
ஆனால் ஓரத்துக்கு ஓரம்
கயிற்றின் முறுக்கை எண்ணலாம்,
ஐஸ் பெட்டியின் ஆணிகளை எண்ணலாம்.
எண்ணிக்கொண்டேதான் போனேன்.

வலது கீழ் மூலையில்
பெட்டிமேல் குலோத்துங்கன்.

என் தம்பி. தூத்துக்குடியில்
உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.
ஞாயிறுதோறும் போனில், இங்கே ஒரே வெக்கை என்பான்.
போன ஆடியில் நாற்பதாயிரம் கேட்டான்.
கையில் இல்லையடா என்றேன்.
இல்லைதான்.
தவணைக்குக் கையில் இருக்க வேண்டியதில்லை.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான்.
ஒரு கையில் டீ. மறு கையில்
கட்டைவிரலைச் சுற்றி பிளாஸ்டர்.
கேமராவைத்தான் பார்க்கிறான்.
எழுந்து போகவில்லை.

பழைய பிரதியில் அதே மூலையைத் தேடினேன்.
பெட்டிமேல் ஒரு மங்கல்.
சாக்கு மூட்டை என்றால் சாக்கு மூட்டை.
தம்பி என்று தெரிந்துவிட்டதால் தம்பி.

ஆக, இரண்டு நிமிஷமும் அங்கேயே இருந்திருக்கிறான்.
பழசை மாட்டியிருந்தபோது ஜன்னல் முழுசாய்த் திறந்திருந்தது;
நான் பார்த்திருக்கலாம், ஃபிலிமுக்குத்தான் தெரியவில்லை.
புதுசை மாட்டியபோது ஃபிலிமுக்குத் தெரிந்தது,
எனக்கு முன்னால் அதன் மூக்கு.
இதெல்லாம் ஒளியியல்.
பழசின்போது ஏன் பார்க்கவில்லை என்பதற்கு
ஒளியியலில் ஒன்றும் இல்லை.
நான் அந்தோணியாரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நெய்வேலிக்காரர் சனிக்கிழமை போன் செய்தார்.
ஜப்பான்தானே, ஓரம் வரைக்கும் தெரியுமா என்றார்.
தெரியும் என்றேன்.
அப்படியென்றால் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார்.
விலையில் ஆயிரம் குறைத்தேன்.

மறுநாள் ஞாயிறு.
‘இங்க ஒரே வெக்கைண்ணே’ என்றான்.

‘விரல் ஆறிடுச்சா?’ என்றேன்.