பதினைந்து பைட்

பட்டியலில் பதினேழு மலைப்பாம்புகள்,
பதினேழுக்கும் ஒரே பெயர்.
போன செவ்வாய் இரவு
தொங்கிப்போன ஒன்றைக் கொல்லப்போய்
சுங்கப் பத்திரம் அனுப்பிக்கொண்டிருந்ததைக் கொன்றுவிட்டேன்.
இரண்டு கொள்கலன் மூன்று நாள் மழையில் நின்றன.
மேலாளர் அதிகம் பேசவில்லை.
இனிமேல் பெயர் வைத்துவிட்டுக் கொல்லச் சொன்னார்.

சதாம் வீதி, நாலாம் மாடி, எங்கள் கந்தோர்.
ஜன்னலுக்கு வெளியே
பாரந்தூக்கிகளின் விளக்கில் மட்டும் மழை தெரிகிறது.
தில்ருக்ஷி பிளேன்டீக்கு இஞ்சி நசுக்குகிறாள்,
ஸ்டேப்ளரின் அடிப்பக்கத்தால்.

நான் எழுதும் மொழி இளகினது.
எண்ணா எழுத்தா என்று முன்கூட்டிக் கேட்காது,
தவறினால் எந்த வரி என்று சொல்லும்.
ஆனால் ஒரு பெயரை மாற்றும் அதிகாரம் அதனிடம் இல்லை.
கீழே கேட்கவேண்டும், கேர்ணலிடம்.
(தமிழில் எழுதினால் படைக்காரரும் இவரும்
ஒரே எழுத்து.
அந்தச் சொல்லுக்கு என் முதுகு இன்னும் நிமிர்கிறது.)

கீழே போகும் சொல் சட்டை கழற்றிவிட்டுப் போகவேண்டும்.
இது எண், இது முகவரி,
வாசலிலேயே சொல்லிவிடவேண்டும்.
முதல் தடவை எண்ணை முகவரி என்று நீட்டினேன்.
இரண்டே சொல்லில் செத்தது,
எந்த வரி என்று இல்லை.

இரண்டாம் தடவை வகை சரி,
கட்டளை இலக்கம் பதினைந்து,
கூடவே சோதனைக்கு என் பெயர்:
மங்கையர்க்கரசி.
நாற்பத்திரண்டு பைட்.

பூச்சியம் வந்தது.
கேர்ணல் பூச்சியம் தந்தால்
எல்லாம் சரி என்று பொருள்.
பட்டியலைத் திறந்தேன். மலைப்பாம்புகளின் நடுவே
மங்கை.

பழகியதுதான்.
வங்கி அட்டையில் நான் கடைசி இரண்டு எழுத்து இல்லாதவள்.
தடுப்பூசி அட்டையில் நடுவே இடைவெளி விழுந்து
இரண்டு பெண்கள்.
ஒருமுறை சோதனைச் சாவடியில்
மூன்று தரம் வாசிக்கப் பார்த்துவிட்டு
சரி போ என்றான்,
அன்று நீளம் என்னைக் காப்பாற்றியது.
இன்றைக்குக் கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன்.
ஆனால் ஓர் எழுத்தும் உடையவில்லை,
வெட்டு அவ்வளவு வடிவு.

தில்ருக்ஷி கோப்பையோடு வந்தாள்.
என்னுடையதைப் போடு, சிங்களத்திலேயே போடு.
தில்ர.
ருவின் கால் போய்விட்டது,
அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் போய்விட்டது.
பூச்சியம்.

விரல் மடக்கி எண்ணினாள்.
அவள் எழுத்துக்கும் மூன்று பைட், என் எழுத்துக்கும் மூன்று,
கொம்புக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று.
ஆளுக்கு ஐந்து.
பதினைந்தும் குறையாமல் கிடைப்பது ஆங்கிலத்துக்கு.
சிரித்தோம். தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்ட சிரிப்பு.
தேநீரில் இஞ்சி கூடிப்போயிருந்தது.

பிறகு வேலை.
ஐந்துக்குள் அடங்கும் சொற்களைத் தேடினோம்.
வரி அடங்கியது. துறை அடங்கியது.
பாரம், புள்ளியோடு, மயிரிழையில்.
கப்பல் அடங்கவில்லை,
கடைசிப் புள்ளி கரையில் நின்றுவிட்டது.
புள்ளியில்லாத கப்பலை அனுப்பமாட்டேன் என்றேன்.
இதை எடு என்று அவள் தன் கப்பலைத் தந்தாள்:
நெவ. சின்னது. இடம் மிச்சம்.

விடிந்ததும் மேலாளர் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்வார்.
மாற்றுவோம்.

நூறாம் இலக்க பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டும்போதுதான்
நினைவு வந்தது, சோதனை நிரலை நிறுத்தவில்லை.
பதினெட்டாவதாய் உள்ளே இருக்கிறது மங்கை.
நிலை உறக்கம், வேலை பூச்சியம்.
யாராவது கொல்வதென்றால்
தெரிந்தே கொல்லவேண்டும் இனி.

கண் அயர்ந்திருக்கவேண்டும்.
நடத்துநர் தோளைத் தொடாமல் கம்பியைத் தட்டினார்:
நங்கி, வெள்ளவத்தை!

இறங்கி, குடையை விரிக்காமல் நின்று
எண்ணிப் பார்த்தேன்.
நங்கி.
ஐந்து.