மணிக்கு ஐந்து நிமிடம்

ஒன்பது வருடம் போன் திரையில் பார்த்த பாரிஸை
ஒரே செவ்வாய்க்கிழமையில் காட்டி முடிக்கப் பார்க்கிறார் இவர்.
செவ்வாய்தான் இவருக்கு லீவு.
லூவ்ருக்கும் செவ்வாய்தான் லீவு.
இரண்டு பேரும் இன்னும் சந்திக்கவில்லை.

பூட்டிய கண்ணாடிப் பிரமிட்டின் முன்னால்
எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள்.
இவர் காட்டுவது தரையில் ஒரு இரும்புக் கம்பிவலை:
"இதாலை சுடுகாத்து வரும்.
வந்த புதிசிலை, மாசிக் குளிருக்கு
இதிலைதான் நிண்டனான்."
நானும் ஏறி நின்றேன்.
சுடிதார் நுனி கொஞ்சம் ஊதி அடங்கியது.

ஒப்பேரா எங்கே என்றேன்.
பொன் பூசிய சிறகுகளை விட்டுவிட்டு
பக்கத்துச் சந்துக்குள் கூட்டிப் போனார்.
"நீலக் கதவு: மூண்டு மாசம் கிழங்கு உரிச்சனான்.
பச்சைக் கதவு: சம்பளம் தராதவன்.
விடிய அஞ்சு மணிக்கு மீன் லொறி வந்து
இந்த மூலையிலை நிக்கும்."
என் கையிலிருந்த வரைபடத்தில்
அந்த மூலை இல்லை.

மத்தியானம் லாச்சப்பல். மட்டன் ரோல்ஸ்.
பிளேன்ரீ வருவதற்குள் சொல்லிவிட்டேன்,
இதைத் தின்ன நான் பிளேன் ஏறவில்லை.
நீங்கள் வேலை செய்கிற இடத்தில் சாப்பிட வேண்டும்.
"அங்கையோ?"
"அங்கைதான்."

பிறகு வழி முழுக்கப் பேச்சில்லை.
மெத்ரோ பாலமேறி ஆற்றைக் கடந்தபோது மட்டும்
"தயாபரி, அங்கை பார்."
எல்லோர் சாவிக்கொத்திலும் தொங்குகிற கோபுரம்
இவ்வளவு பெரிதா?

கடைக்குப் பெயர் சின்ன வாத்து.
இவர் கால்கள் தம்பாட்டில் பின்சந்துக்குத் திரும்பின.
கையைப் பிடித்து இழுத்தேன்.
முன்கதவில் பித்தளைக் கைபிடி.
தள்ளுவதா இழுப்பதா என்று
ஆறு வருடம் அங்கே வேலை செய்கிறவருக்குத் தெரியவில்லை.

மெனு மட்டையை இவர் திறக்கவில்லை.
"கிராத்தான் வேண்டாம், சட்டியிலை ஒட்டும்.
முட்டைச் சோஸ் காய்ஞ்சா சுரண்டோணும்.
வாத்துக்கால் நல்லது. எலும்புதான் மிஞ்சும்."
மஞ்சளும் மிளகாய்த்தூளும் காணாத இறைச்சி,
நாக்கு முதலில் முகம் சுளித்தது,
பிறகு எலும்பு வரைக்கும் போனது.

யன்னலோரம், ஏழாம் மேசை.
"ஏழிலை இருக்கிற ஆக்கள் ஒண்டையும் முடிக்கிறேல்லை.
ஆறின பிளேட்டுத்தான் உள்ளை வரும்.
ஏனெண்டு விளங்கினதேயில்லை" என்றார்.

அப்போது எட்டு மணி அடித்தது.
கோபுரம் முழுக்கச் சில்லுச் சில்லாய் மினுங்கத் தொடங்கியது.
முள்ளும் கத்தியும் மேசைகளில் படுத்தன.
மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.
பரிமாறுகிற பெண்கூடத் தட்டோடு நின்றாள்.

"ஓ" என்றார் இவர்.
"மணிக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம்
கழுவ ஒண்டும் வராது.
கைதுடைச்சுப்போட்டு அந்த நேரத்திலைதான்
உனக்கு மெசேஜ் போடுறனான்."

எனக்கு அங்கே நடுச்சாமம், பன்னிரண்டரை.
பிறகு ஒன்றரைக்கு இன்னொன்று.
சாப்பிட்டியா. படுத்திட்டியா. மழையா.
நேரம் தவறாத மனுசன் என்று
அம்மாவிடம் பெருமையாய்ச் சொல்லியிருக்கிறேன்.

கோபுரம் அணைந்தது.
இவர் பாணைப் பிய்த்து
தன் பிளேட்டை வழித்தார், பிறகு என்னுடையதை,
ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல்.
"உள்ளை இண்டைக்குப் பூபக்கர் தனிய."

பில்லைப் பார்க்க விடவில்லை.
ரெண்டு நாள் சம்பளம் என்று முகத்தில் வாசித்தேன்.

போகும்போது குசினிக்குள்ளால் போனோம்.
பூபக்கர் நுரைக் கையால் என் கையைக் குலுக்கினான்,
முழங்கைவரை நனைந்தேன்.
பின்கதவு இறுகிக் கிடந்தது.
இவர் தோளால் ஒரு இடி, காலால் ஒரு தட்டு,
திறந்தது.